ஜமைக்கா மலைக்கிராமத்தில் தன்னார்வலராக வாழ: முதல் நாளிலிருந்து கிளம்பும் நாள் வரை

ஜமைக்காவில் 14 பாரிஷ்கள். நம் கணக்கில் மாவட்டம் மாதிரி. வடகிழக்கு மூலையில் இருப்பது போர்ட்லாந்து. அங்கே மலைமேல் ஒரு சிற்றூரில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலராக இரண்டு வருடம் இருந்தேன். எனக்குப் பின்னால் வந்த சிலரை ஊருக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

அவர்களில் யாரும் வேலை தெரியாமல் தடுமாறவில்லை. தண்ணீர் பிடிக்கத் தெரியாமல், டாக்ஸி ஏறத் தெரியாமல், ஒரு வீட்டு வாசலில் நின்று எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். அதனால்தான் இந்த வழிகாட்டியில் வேலை எட்டாவது படியில் வருகிறது. வரிசையை மாற்றாதீர்கள்.

1. தாள்கள் கைக்கு வந்த பிறகே டிக்கெட்

சம்பளம் வாங்காத வேலைதானே, சுற்றுலாப் பயணியாக இறங்கி ஆரம்பித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூடாது. ஜமைக்காவில் தன்னார்வ வேலைக்கும் வேலை அனுமதி அல்லது அதிலிருந்து விலக்கு வேண்டும். தொழிலாளர் அமைச்சகத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது உங்களை அழைக்கும் அமைப்பு. "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவர்கள் சொன்னால் வேறு அமைப்பைத் தேடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப்போடுகிறவர்கள் உங்கள் தங்குமிடத்தையும் தள்ளித்தான் போடுவார்கள்.

போலீஸ் நற்சான்று, படிப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை மூன்றையும் ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். அங்கிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் இழுக்கும். இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்கு நேர் விமானம் இல்லை. அமெரிக்கா வழியாகப் போகிறவர்களுக்கு விமானம் மாறுவதற்கும் அந்த நாட்டு விசா வேண்டும். இது தெரியாமல் டிக்கெட் எடுத்துப் பணத்தை இழந்தவரை எனக்குத் தெரியும்.

இறங்கிய முதல் வாரத்தில் டி.ஆர்.என். என்ற 9 இலக்க வரி எண்ணுக்கு விண்ணப்பியுங்கள். அது இல்லாமல் வங்கிக் கணக்கு திறக்க முடியாது. சான்றிட்ட நகல் கேட்டால் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ், அதாவது ஊரார் ஜே.பி. என்று சொல்லும் ஒருவரிடம் போக வேண்டும். நம் ஊரில் கெஜட்டட் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவது போலத்தான். பெரும்பாலும் தலைமையாசிரியரோ பாஸ்டரோ ஜே.பி.யாக இருப்பார். அந்தக் கையெழுத்துக்குக் காசு கிடையாது.

2. பெட்டியில் எது வேண்டும், எது வேண்டாம்

மின்சாரம் 110 வோல்ட். தட்டையான இரண்டு முள் பிளக். செல்போன் சார்ஜர், லேப்டாப் சார்ஜர் ஓடும். நம் ஊர் மிக்ஸி ஓடாது. அம்மா எவ்வளவு சொன்னாலும் அதை வைக்காதீர்கள்.

ராணுவ உடை போன்ற பச்சைப் புள்ளித் துணி எதுவும் வேண்டாம். பை, தொப்பி, குழந்தைச் சட்டை உட்பட. ஜமைக்காவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம்.

கை மூடிய சட்டைகள், முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை அல்லது பேன்ட், மூடிய ஷூ. பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் இதுதான் உடை. கையில்லாத சட்டையோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். தலையில் மாட்டும் டார்ச், கொசுவலை, இரண்டு மாதத்துக்கான சொந்த மருந்து, கடுகு, சாம்பார் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவதற்கான விதை, கிழங்கு, பச்சைக் கறிவேப்பிலை வேண்டாம். பயிர் நோய்க்குப் பயந்து பிடுங்கிவிடுவார்கள். ரப்பர் பூட்ஸை அங்கேயே வாங்கலாம்.

3. தங்கும் வீட்டில் முதல் வாரம்

பெரும்பாலும் ஒரு குடும்பத்தோடு தங்க வைப்பார்கள். முதல் நாளே மூன்று விஷயத்தை வாய்விட்டுப் பேசிவிடுங்கள்: சாப்பாட்டுக்கு மாதம் எவ்வளவு, கரண்டுக்கு எவ்வளவு, கேஸ் சிலிண்டர் தீர்ந்தால் யார் வாங்குவது. கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காவிட்டால் மூன்றாவது மாதம் வீட்டு அம்மாவின் முகம் மாறும். ஏன் மாறியது என்று உங்களுக்குத் தெரியாது.

வெளியே கிளம்பும்போது எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இதை வேவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கு ஏதாவது ஆனால் ஊர் முதலில் கேள்வி கேட்பது அந்த அம்மாவைத்தான்.

உள்ளாடையை நீங்களே, குளிக்கும்போதே துவைத்துவிடுங்கள். வீட்டு அம்மா உங்கள் துணியைத் துவைத்துத் தருவதாகச் சொன்னாலும் அது அதில் சேராது. வயதுவந்த ஒருவர் தன் உள்ளாடையை இன்னொருவர் கையில் கொடுப்பது அங்கே பெரிய அசிங்கம். காயப்போடுவதும் முன்வாசல் கொடியில் வேண்டாம்.

வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தையும் இந்த வாரமே முடிவு செய்யுங்கள். ஜமைக்கா இந்தியாவுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே இரவு 8 மணி என்றால் நம் ஊரில் மறுநாள் காலை 6.30. அந்த நேரம்தான் இரண்டு பக்கத்துக்கும் தோதாக இருக்கும்.

4. தண்ணீர்: மழைக்கு முன் பிடியுங்கள்

போர்ட்லாந்தில் மழைக்குப் பஞ்சமே இல்லை. நாட்டிலேயே அதிகம் நனையும் பகுதி அது. ஆனாலும் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அதுவும் கொட்டோ கொட்டென்று கொட்டிய மறுநாள்தான் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இது புரிவதே இல்லை.

காரணம் எளிது. மலை ஓடையில் தடுப்புக் கட்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். கனமழையில் ஓடை செம்மண்ணாகக் கலங்கும். எடுக்கும் வாயில் இலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். தெளியும் வரை வரத்தை மூடிவிடுவார்கள். ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அதனால் மழை விட்ட பிறகு குடத்தைத் தூக்கிப் பயனில்லை. மலை உச்சியில் மேகம் கறுக்கும்போதே எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பிவிட வேண்டும்.

கூரைத் தண்ணீரைப் பிடிக்கும்போது முதல் பத்து நிமிட மழையை விட்டுவிடுங்கள். தகரக் கூரையில் பறவை எச்சம், பல்லிக் கழிவு, காய்ந்த இலை எல்லாம் இருக்கும். அது கழுவிப் போன பிறகு கூரைக் குழாயை டிரம்முக்குத் திருப்புங்கள். டிரம் நிறைந்ததும் வாயில் கொசுவலைத் துண்டைப் போட்டுச் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டுங்கள். பலகையை மேலே வைத்தால் போதாது. விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் டெங்கு கொசு உள்ளே முட்டை போடும்.

குடிக்கிற தண்ணீருக்கு இந்த வரிசை. முதலில் துணியில் வடிகட்டுங்கள். பிறகு வாசனை சேர்க்காத சாதாரணத் துணிவெளுக்கும் பிளீச், 5 அல்லது 6 சதவீதம் கொண்டது, லிட்டருக்கு 2 சொட்டு. கலக்கி அரை மணி நேரம் மூடி வையுங்கள். வடிகட்டிய பிறகும் மங்கலாக இருந்தால் 4 சொட்டு. வடிகட்டாமல் பிளீச் விட்டால் மருந்து கிருமியை விட்டுவிட்டுச் சேற்றோடு செலவாகிவிடும். கடையில் எலுமிச்சை வாசனை, பூ வாசனை போட்ட பாட்டில்தான் கண்ணுக்கு முதலில் தெரியும். அது குடிக்கும் தண்ணீருக்கு ஆகாது. கேஸ் இருந்தால் கொதிக்க வைப்பது இன்னும் நல்லது.

வாளியில் மோந்து குளிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் முதல் வாரம் ஷவர் இல்லாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நாம் மறக்கிற ஒன்று உண்டு: குளித்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு வையுங்கள். எங்கள் வீட்டில் நான்கு டிரம். அதில் ஒன்றை யாரும் தொடக்கூடாது. அது புயலுக்கு.

5. வணக்கம்: இதில் தவறினால் மற்றது எதுவும் நடக்காது

எதிரே வருகிற ஒவ்வொருவருக்கும் "குட் மார்னிங்" சொல்ல வேண்டும். தெரிந்தவர், தெரியாதவர் என்ற பேதமில்லை. கடைக்குள் நுழைந்தால் பொருளைக் கேட்பதற்கு முன் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. டாக்ஸியில் ஏறினால் உட்காரும்போது ஒன்று. சுகாதார நிலையத்தில் காத்திருப்போர் வரிசைக்கு ஒன்று. சொல்லாமல் நேரே "அரிசி ஒரு பவுண்டு" என்றால் கடைக்கார அம்மா காதில் விழாதது போல இருப்பார். பிறகு அவரே நிதானமாக "குட் மார்னிங்" என்பார். அது வரவேற்பு அல்ல, கண்டிப்பு.

மத்தியானத்துக்குப் பிறகே "குட் ஈவினிங்" வந்துவிடும். இருட்டியதும் "குட் நைட்". இதைக் கவனியுங்கள். நமக்குக் குட் நைட் என்றால் தூங்கப் போகும்போது சொல்வது. அங்கே அது சந்திக்கும்போது சொல்லும் வணக்கம். விடைபெற "லிக்கிள் மோர்" என்பார்கள், அப்புறம் பார்க்கலாம் என்ற பொருளில். தூரம் போகிறவரிடம் "வாக் குட்".

பெரியவர்களை வெறும் பெயரால் கூப்பிடாதீர்கள். பெண்களுக்கு "மிஸ்" என்று சேர்த்து முதல் பெயர். கல்யாணம் ஆனவரா இல்லையா என்பது இதில் வராது. ஆண்களுக்கு "மிஸ்டர்". ஆசிரியரை "டீச்சா", நர்ஸை "நர்ஸ்". பதவியே மரியாதைச் சொல்.

இனி வாசல். ஜமைக்காவில் ஒருவர் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போகக்கூடாது. கேட்டுக்கு வெளியே நின்று உரக்க "ஹோல் டாக்!" என்று கூப்பிட வேண்டும். நாயைப் பிடியுங்கள் என்று அர்த்தம். நாய் இல்லாத வீட்டிலும் இதையே சொல்வார்கள். உள்ளேயிருந்து குரல் வரும் வரை நில்லுங்கள். சில நேரம் ஐந்து நிமிடம் ஆகும். அவர் சட்டை மாற்றிக்கொண்டிருப்பார், முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருப்பார். நீங்கள் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பதே அவருக்குக் கொடுக்கும் மரியாதை. என்னோடு வந்த ஒரு பெண், முதல் வாரமே கேட்டைத் திறந்து நேராக வராந்தாவுக்குப் போய்விட்டார். நாய் கடிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் அவரிடம் முகம் கொடுத்துப் பேச ஆறு மாதம் ஆனது.

உங்களைக் கூப்பிடும் பெயர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குண்டாக இருந்தால் "ஃபேட்டி", ஒல்லி என்றால் "ஸ்லிம்". இந்திய முகமாக இருந்தால் "கூலி". ஆம், நம் காதில் விழும் அதே கூலிதான். 1845 மே 10 அன்று முதல் கப்பலில் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து அந்தச் சொல் அங்கே இருக்கிறது. பெரும்பாலானவர்கள் வெறும் அடையாளமாகத்தான் சொல்கிறார்கள். ஜமைக்கா இந்தியர்களில் அதை வெறுப்பவர்களும் உண்டு. எனக்கும் அது முதல் தடவை நெஞ்சில் குத்தியது. சண்டை போடாமல் "என் பேர் இது" என்று சிரித்த முகத்தோடு, ஒவ்வொரு தடவையும், சலிக்காமல் சொன்னேன். நான்காவது மாதம் பெயர் ஒட்டிக்கொண்டது.

6. டாக்ஸி: நிரம்பினால்தான் கிளம்பும்

மலையிலிருந்து டவுனுக்குப் போக ரூட் டாக்ஸிதான் வழி. நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. குறிப்பிட்ட பாதை, தலைக்கு இவ்வளவு என்று கட்டணம். சிவப்பு நம்பர் பிளேட் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத வண்டியை "ரோபாட்" என்பார்கள். அதற்குப் பயணிகளை ஏற்றும் உரிமமோ காப்பீடோ இருக்காது.

காலியான வண்டியில் ஏறினால் முதலில் "ரூட்டா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காமல் ஏறினால் "சார்ட்டர்" என்று எடுத்துக்கொண்டு முழு வண்டிக் கட்டணம் கேட்கலாம். பின் சீட்டில் நான்கு பேர் உட்காருவார்கள். "ஸ்மால் அப்" என்று குரல் வந்தால் ஒடுங்கி இடம் கொடுங்கள். யாரோ ஒருவரின் குழந்தையை, காய்கறிப் பையை உங்கள் மடியில் வைப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் "ஒன் ஸ்டாப், டிரைவர்" என்று சொல்ல வேண்டும்.

சில்லறை முக்கியம். 5,000 டாலர் தாளை நீட்டினால் காலை வேளையில் யாரிடமும் மீதி இருக்காது. டவுனில் பணம் எடுத்ததும் பெரிய கடையில் எதையாவது வாங்கி 100, 500 தாளாக மாற்றிக்கொள்ளுங்கள். 500 தாளை "நானி" என்பார்கள். அடிமைத்தனத்திலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்த மரூன் மக்களின் தலைவி அவர், அந்தத் தாளில் இருப்பது அவர் படம்.

டிரைவர்கள் மூன்று நான்கு பேரின் போன் நம்பரை முதல் மாதமே வாங்கி வையுங்கள். மாலை இருட்டினால் மேலே வரும் வண்டி அருகிவிடும். ஞாயிறு பாதி நாள் வண்டியே இருக்காது. எனக்கு ஒரு ராத்திரி 103 டிகிரி காய்ச்சல் வந்தபோது ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கவில்லை. மழையில் வண்டியைத் திருப்பிக்கொண்டு மேலே வந்தது எனக்குத் தினமும் குட் மார்னிங் சொன்ன டிரைவர்தான்.

7. சாப்பாடு: நம் காய்கறிகள் வேறு பெயரில்

அங்கே "ஃபுட்" என்றால் எல்லாச் சாப்பாடும் அல்ல. கிழங்கு வகைகள், வேகவைத்த பச்சை வாழைக்காய், ஈரப்பலா ஆகியவற்றுக்கு அது பொதுப்பெயர். "அரிசியா, ஃபுட்டா?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம். "டீ" என்றால் சூடான எந்தப் பானமும் டீதான். புதினா டீ, சாக்லேட் டீ. "ஃபிஷ் டீ" என்றால் மீன் ரசம்.

சந்தையில் முதல் நாள் நீங்கள் தேடுவதெல்லாம் கண்முன்னே இருக்கும், பெயர்தான் தெரியாது. கலலூ என்பது தண்டுக்கீரை இனம். சோசோ நம் சௌசௌ. டஷீன் நம் சேப்பங்கிழங்கு. கங்கோ பட்டாணி என்பது பச்சைத் துவரை. கிறிஸ்துமஸ் சமயத்தில் கிடைக்கும். சுசும்பா என்று விற்பது சுண்டைக்காய். அதைக் கண்டபோது எனக்கு வத்தக்குழம்பு நினைவில் கண் கலங்கிவிட்டது. வயிற்றுக்கு நல்லது என்று குடிக்கக் கொடுக்கும் செரசி கஷாயம், நம் பாகல் கொடியின் இலைதான்.

சைவமாக இருப்பவர்கள் "வெஜிடேரியன்" என்று சொன்னால் கோழி வைத்துவிட வாய்ப்பு உண்டு. கோழியை இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. "ஐட்டல்" என்று சொல்லுங்கள். ராஸ்தாஃபாரி என்ற ஜமைக்கா மதத்தினரின் உணவுமுறை அது. அந்தச் சொல்லைக் கேட்டதும் புரிந்துகொள்வார்கள். உப்பு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், சேர்த்துக்கொள்ளலாம்.

ஆக்கியைப் பற்றி மட்டும் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஜமைக்காவின் தேசிய உணவு ஆக்கியும் உப்பு மீனும். ஆனால் பழுக்காத ஆக்கி விஷம். அதில் ஹைப்போகிளைசின் என்ற நச்சு இருக்கிறது. வாந்தியில் தொடங்கி உயிரையே எடுத்துவிடும். எங்கள் வீட்டு அம்மா வராந்தாப் படியில் உட்கார்ந்து எனக்குக் காட்டியது இப்படித்தான்: சிவந்த காய் மரத்திலேயே தானாக வாய் பிளந்திருக்க வேண்டும். மூடிய காயைக் கையால் பிளக்கவே கூடாது. பிளந்த வாயில் மூன்று மஞ்சள் சுளை, ஒவ்வொன்றின் தலையிலும் பளபளப்பான கறுப்பு விதை. விதையை எடுத்து வீச வேண்டும். சுளையின் மடிப்பில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு நாரைக் கத்தி முனையால் கீறி எடுக்க வேண்டும். பிறகு கொதிக்க வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நாய்க்குக்கூட ஊற்றக்கூடாது. முதல் வருடம் நீங்களாக ஆக்கி பறிக்க வேண்டாம். ஊரார் சமைத்துத் தருவதைச் சாப்பிடுங்கள்.

8. முதல் மூன்று மாதம்: எதையும் தொடங்காதீர்கள்

இங்கேதான் நல்ல மனதோடு வருகிறவர்கள் சறுக்குகிறார்கள். இரண்டாவது வாரமே நூலகம், கணினி அறை, காய்கறித் தோட்டம் என்று பட்டியல் போடுகிறார்கள். ஊரார் "யெஸ், மிஸ்" என்று தலையாட்டுவார்கள். அது சம்மதம் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் முகத்துக்காகச் சொல்வது.

முதல் மாதம் நடங்கள். தினமும் மாலை ஒரு மணி நேரம், ஒரே பாதையில். கடைத் திண்ணையில் உட்காருங்கள். டாமினோ ஆடும் இடத்தில் நின்று பாருங்கள். ஊர்ச் செய்தி முழுவதும் அங்கேதான் ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போங்கள். நான் இந்து, எனக்கென்ன என்று விடாதீர்கள். அது ஊர் கூடும் இடம். புதிதாக வந்தவரை எழுந்து நின்று நாலு வார்த்தை பேசச் சொல்வார்கள். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், யார் வீட்டில் தங்கியிருக்கிறீர்கள், அழைத்ததற்கு நன்றி. இவ்வளவு போதும். தயாராகப் போங்கள். திகைத்து உட்கார்ந்திருந்தால் அகம்பாவம் என்று நினைப்பார்கள். உங்கள் மதத்தைக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நான் சொன்னேன், மறுவாரமும் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்கள்.

சாவு வீட்டுக்குப் போங்கள். அடக்கத்துக்கு முன்னால் பல இரவுகள் ஊர் கூடிப் பாடும். "நைன் நைட்" என்பது அதில் பெரிய இரவு. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வர வேண்டியிருப்பதால் அடக்கம் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். ஒரு பாக்கெட் சர்க்கரையோ காப்பித்தூளோ கையில் கொண்டுபோய், அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வார்த்தை எதுவும் தேவையில்லை. என் வகுப்புக்குப் பெற்றோர் வர ஆரம்பித்தது ஒரு நைன் நைட்டுக்குப் பிறகுதான்.

இரண்டாவது, மூன்றாவது மாதம் கேளுங்கள்: இதற்கு முன் யார் வந்தார்கள், என்ன செய்தார்கள், அது இப்போது எங்கே? எங்கள் பள்ளியில் ஒரு பூட்டிய அறையில் எட்டுக் கணினிகள் தூசி படிந்து கிடந்தன. யாரோ நல்லெண்ணத்தோடு அனுப்பியவை. பழுது பார்க்க ஆள் இல்லை, மின்கட்டணம் கட்டப் பணம் இல்லை. அந்த அறையை மூன்றாவது மாதம்தான் எனக்குத் திறந்து காட்டினார்கள். முதல் வாரமே கணினித் திட்டம் பேசியிருந்தால் ஒன்பதாவதும் வந்து அங்கேயே சேர்ந்திருக்கும்.

ஏற்கெனவே அங்கே வேலை செய்கிறவர்களையும் இந்த நாட்களில் போய்ப் பாருங்கள். பயிர் என்றால் ராடா எனப்படும் ஊரக வேளாண் ஆணையத்தின் அலுவலர். ஊர்க்குழு என்றால் சமூக மேம்பாட்டு ஆணையத்தின் அலுவலர். நீங்கள் போன பிறகும் இருக்கப்போகிறவர்கள் அவர்கள்.

9. கூட்டமும் வகுப்பும்

சனிக்கிழமை கூட்டம் வைக்காதீர்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையினர் ஜமைக்காவில் மிகுதி. வெள்ளி சூரிய அஸ்தமனம் முதல் சனி அஸ்தமனம் வரை அவர்களுக்கு ஓய்வுநாள். ஞாயிறு மற்ற சபையினருக்கு. வாரநாள் மாலையில் வையுங்கள், இருட்டுவதற்கு முன் முடியுங்கள்.

5 மணிக்கு என்று சொன்னால் ஆறுக்கு வருவார்கள். "சூன் கம்" என்றால் இதோ வருகிறேன் என்று அர்த்தமல்ல. எப்போதாவது வருவேன் என்பதுதான். கோபப்படாமல், முதலில் வந்த மூன்று பேருக்கு நாற்காலி போடும் வேலையைக் கொடுங்கள். கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கச் சொல்லி ஒரு பெரியவரைக் கேளுங்கள். அது இல்லாமல் கூட்டம் தொடங்கியதாகவே ஆகாது.

வகுப்புக்கு: வெள்ளிக்கிழமை பிள்ளைகள் குறைவாக வருவார்கள். வாரக் கடைசியில் மதியச் சாப்பாட்டுக்குக் காசு இருக்காது, சந்தை நாளில் உதவிக்கு ஆள் வேண்டும். பலத்த மழை நாளிலும் அப்படித்தான். ஓடையைக் கடந்து வருகிற பிள்ளைகள் உண்டு. அதனால் புதுப் பாடத்தைத் திங்கள் முதல் வியாழனுக்குள் வையுங்கள், வெள்ளியில் திரும்பச் சொல்லிக்கொடுங்கள். 4, 5, 6 ஆம் வகுப்புகளில் பெப் என்ற தேர்வு வரும். அதற்கு முந்தைய வாரங்களில் அந்தப் பிள்ளைகளை உங்கள் வகுப்புக்கு விடமாட்டார்கள். ஆண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரோடு உட்கார்ந்து நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வீட்டில் பேசுவது பாட்வா என்ற ஜமைக்காப் பேச்சுமொழி. புத்தகத்தில் இருப்பது ஆங்கிலம். பாட்வா பேசுவதைத் தப்பு என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். "வீட்டில் இப்படிச் சொல்வோம், புத்தகத்தில் இப்படி எழுதுவோம்" என்று இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒன்பது வயதில் ஓர் எழுத்தும் வாசிக்காத ஒரு பையன் முதலில் வாசித்தது அவன் பாட்டி சொல்லும் ஒரு வாக்கியத்தை. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழுமாக வளர்ந்த நமக்கு இது சொல்லாமலே புரியும்.

10. காசு கேட்டால்

"பெக் யூ லிக்கிள் வாட்டர்" என்றால் பிச்சை கேட்பதில்லை, தயவுசெய்து கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்று மரியாதையாகக் கேட்பது. அந்தச் சொல்லைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள்.

பணமாகக் கேட்டால் முதல் நாளிலிருந்து ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு இல்லை என்றால் மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நான் யாருக்கும் கடன் கொடுக்கவில்லை. பதிலாக, பள்ளிச் சாப்பாட்டுக் கணக்கில் மாதம் ஒரு தொகையைத் தலைமையாசிரியர் வழியாகக் கட்டினேன், எந்தப் பிள்ளைக்கு என்று சொல்லாமல்.

11. உடம்பு

மலேரியா அங்கே ஊரோடு தங்கிய நோய் அல்ல. டெங்குதான் பயம். அந்தக் கொசு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபனோ கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அவை கூட்டும். வெள்ளத் தண்ணீரில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் வரும். பூட்ஸ் அதற்குத்தான்.

விஷப்பாம்பு ஜமைக்காவில் கிடையாது. பூரானுக்கு மட்டும் காலையில் ஷூவை உதறிப் போடுங்கள்.

கஞ்சா வெளிப்படையாகக் கிடைக்கும். 2015 முதல் 2 அவுன்ஸ் வரை வைத்திருப்பது சிறு குற்றம், அபராதத்தோடு போகும். ஆனால் முழுக்கச் சட்டபூர்வமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தன்னார்வலர் ஒருவர் கையில் அதைப் பார்த்தால் பள்ளிக்கூடம் மறுபடி அவரை உள்ளே விடாது.

அவசர எண்கள்: போலீஸ் 119, தீயணைப்பும் ஆம்புலன்ஸும் 110. எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

12. புயல் காலம்

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. 2024 ஜூலையில் பெரில் தென்கரையை உரசிக்கொண்டு போனது. 2025 அக்டோபர் 28 அன்று மெலிசா மிக வலுவான ஐந்தாம் வகைப் புயலாகத் தீவின் மேற்கில் நேரடியாகக் கரையேறியது. எங்கள் பக்கம் வராது என்று சொல்லும் உரிமை அந்தத் தீவில் எந்த ஊருக்கும் இல்லை.

மே மாதத்திலேயே தயாராகுங்கள். எச்சரிக்கை வந்த பிறகு கடையில் பேட்டரியும் இருக்காது, டின் மீனும் இருக்காது. வரிசை இதுதான்: தாள்களை இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். தொடாத டிரம்மைச் சரிபாருங்கள். ஐந்து நாள் சாப்பாடு, பேட்டரி ரேடியோ, கேஸ், சில்லறைப் பணம். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாமல் ஏடிஎம் வேலை செய்யாது.

ஊரில் புயல் தங்குமிடம் எது என்று முன்பே போய்ப் பாருங்கள். பெரும்பாலும் பள்ளி அல்லது சர்ச். அமைப்பு உங்களை டவுனுக்கு வரச் சொன்னால் உடனே கிளம்புங்கள். மழை தொடங்கிய பிறகு மலைப்பாதை சரியும், டிரைவர்கள் வரமாட்டார்கள். ஊரை விட்டுப் போகிறோமே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் சாலை அறுந்த ஊரில் நீங்கள் இன்னொரு வாய், இன்னொரு பாய். போய்விட்டு, பாதை திறந்ததும் பிளீச்சும் தார்ப்பாயும் ஆணியுமாகத் திரும்பி வாருங்கள்.

13. கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே

கைமாற்றும் வேலையைக் கடைசி மாதத்துக்கு வைத்தால் நடக்காது. பிரியாவிடை விருந்துகளிலேயே அந்த மாதம் போய்விடும். ஆறு மாதம் முன்பே ஓர் ஊர்க்காரரை வகுப்பில் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கள் பள்ளியில் அது சமையலறை உதவியாளராக இருந்த ஒரு பெண். முதல் இரண்டு மாதம் அவர் பார்த்தார். அடுத்த இரண்டு மாதம் நாங்கள் மாறி மாறி நடத்தினோம். கடைசி இரண்டு மாதம் அவர் நடத்த, நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் தப்பாகச் சொல்லும்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அந்த இரண்டு வருடத்தில் எனக்குக் கடினமாக இருந்த வேலை.

அட்டைகள், வாசிப்புப் பதிவேடு, அலமாரிச் சாவி எல்லாவற்றையும் தலைமையாசிரியர் முன்னிலையில் எழுதிக் கொடுங்கள். வாய்வார்த்தையாகக் கொடுத்த சாவிக்கு அடுத்த வருடம் சண்டை வரும்.

கடைசி வாரம் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கடைக்கார அம்மா, டிரைவர்கள், டாமினோக்காரர்கள், சர்ச். சொல்லாமல் போனவரைப் பற்றி ஊர் பல வருடம் பேசும், அடுத்து வருகிறவரிடமும் அதைச் சொல்லும். ஒவ்வொரு கேட்டிலும் வெளியே நின்று, "ஹோல் டாக்!" என்று கூப்பிட்டுவிட்டு, காத்திருங்கள்.